கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பூஞ்சை மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டது.

மாரிக்கண்ணு சுவரோடு முகத்தை ஒட்டி நின்று பார்த்தான். கிளிஞ்சல்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த ஐந்தாம் வகுப்புப் படம். மூன்றாம் வரிசையில் கடைசியாக நின்றாள் அவன் மகள் ஜெயப்ரியா. ஓரத்திலிருந்து கிளம்பிய வெள்ளைக்கும் அவள் தோளுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது.

சுனாமி வீட்டையும் வீட்டிலிருந்த படங்களையும் அவளையும் கொண்டுபோனது. அவள் முகம் மிச்சமிருந்தது இந்த ஒரு படத்தில்தான். இரண்டு வருஷமாகக் கடலுக்குப் போகாத நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவான். அது போதுமென்று இருந்தான். இந்த மழைக்குத்தான் பூஞ்சை வந்தது.

சுனாமியன்று தண்ணீர் பட்டதில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்த வேறொரு வகுப்புப் படத்தைக் கழற்றியபோது பிள்ளைகளின் முகமெல்லாம் உரிந்து கண்ணாடியோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தலைமையாசிரியர் இதைத் தொடவே விடுவதில்லை.

"சுவத்துல இருக்கட்டும். எத்தனை படம் வேணும்னாலும் பிடிச்சிக்கங்க."

காரைக்காலில் ஸ்டுடியோ வைத்திருந்த நீலமேகத்தைக் கூட்டிவந்தான். அவர் பிளாஷ் அடித்து எடுத்தார். பிரதியில் மூன்றாம் வரிசை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வெடிப்பு.

"கண்ணாடின்னா அப்படித்தான் அடிக்கும். கழட்டிக் குடுங்க, ஜோரா எடுத்துத் தரேன்."

"கழட்ட முடியாதுங்களே."

"அப்ப முடியாது."

வீட்டில் ஒரு கேமரா இருந்தது. நிவாரண வேலைக்கு வந்து தங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அவன் மனைவி அல்லி அதைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டிருந்தாள். மாரிக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனான். நீலமேகம் பிலிம் போட்டு மூடிக் கொடுத்தார். எடுக்கவும் சொல்லிக்கொடுங்கள் என்றான்.

"நீங்க எனக்கு வலை கட்டச் சொல்லிக்குடுங்க, நான் இதச் சொல்லித்தரேன்" என்று சிரித்தார்.

"சரிங்க. எப்ப வர்றீங்க?"

நீலமேகம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நூலகத்தில் படம் பிடிப்பது பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தான். பூவை எடுப்பது எப்படி. மலையை எடுப்பது எப்படி. கடலில் சூரியன் மறைவதை எடுப்பது எப்படி. அவன் கடலில் சூரியன் மறைவதில்லை. கண்ணாடி பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கடைசியாக பிரவுசிங் சென்டருக்குப் போனான். அங்கே வேலை பார்த்த ஜன்னத்துல் பிர்தௌஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னண்ணே தேடணும்?"

"படம் புடிக்கப் படிக்கணும் தங்கச்சி. ஒண்ணும் தெரியாதவனுக்குச் சொல்ற மாதிரி."

திரையில் வந்ததெல்லாம் இங்கிலீஷ். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். "நல்ல கேமரா வாங்கறது எப்படி. கல்யாணத்துல எடுக்கறது எப்படி. பிள்ளைங்களச் சிரிக்க வைக்கிறது எப்படி."

"அது வேணாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகமாகத் தேடினாள்.

"இந்தா இருக்குண்ணே. கண்ணாடி வழியா எடுக்கறது. பிளாஷ் கூடாது. நேரா நிக்காம கொஞ்சம் சாஞ்சு நிக்கணும். உங்க நிழல் கண்ணாடியில விழாம கறுப்புத் துணியப் போத்திக்கணும். கைய ஆட்டக் கூடாது." கீழே நகர்த்தினாள். "ஒவ்வொண்ணு எடுத்ததும் விழுந்திருக்கான்னு உடனே பாத்துடணுமாம். பாக்காம அடுத்ததுக்குப் போறவனுக்கு வேலை வராதுங்கறான்."

அவனுடையது பிலிம் கேமரா என்று அவளுக்குத் தெரியாது. எடுத்ததைத் திரையில் காட்டும் புதுக் கேமராக்களுக்கு எழுதிய பாடம் அது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை, சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு படத்துக்கு முன்னால் சாய்ந்து நின்றான். கண்ணாடி மினுங்கவில்லை. மூச்சை அடக்கி அழுத்தினான். பிறகு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலையில் மீன்பாடு உண்டா என்று ஒரு முனையைத் தூக்கிப் பார்க்காமல் எவன் இருப்பான்? வேட்டியின் நிழலிலேயே கேமராவின் பின்மூடியைத் திறந்தான். பழுப்பாகப் பிலிம் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. மூடி, சுற்றி, மறுபடி எடுத்தான். மறுபடி திறந்தான். பிலிம் தீரும்வரை அப்படியே எடுத்தான்.

நீலமேகம் கழுவிய பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்தார். முழுக்கக் கரி.

"தொறந்தீங்களா?"

"பாத்தேங்க."

"எத்தன வாட்டி?"

"ஒவ்வொரு வாட்டியும்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "கழுவற வரைக்கும் அது இருட்டுலயே இருக்கணும். வெளிச்சம் பட்டா செத்துரும்."

"அத எங்கயும் போடலீங்களே."

"எல்லாருக்கும் தெரியும்னு விட்ருப்பான்."

வேறு பிலிம் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் அல்லியையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் இதுவரை அந்தச் சுவர்ப் பக்கம் வந்ததில்லை. வெள்ளை தோளைத் தொட்டிருந்தது. அல்லி வெகுநேரம் பார்த்தாள்.

"இடது சடை இறுக்கமாப் போயிருச்சு. அன்னைக்கு முழுக்க வலிக்குதுன்னா."

மாரிக்கண்ணு வேட்டியைப் போர்த்தினான். கேமராவைத் தூக்கினான். தாழ்த்தினான்.

"என்ன?" என்றாள்.

"பாக்காம இருக்க முடியாது புள்ள. கை தானாப் போவுது."

அவன் சட்டைப்பையில் வலைக் கிழிசல் பொத்துகிற நைலான் நரம்பு இருந்தது. அல்லி அதை எடுத்தாள். மூடி அசையாதபடி கேமராவைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்தாள்.

"இப்ப எடுங்க."

எடுத்தான். கை மூடிக்குப் போனது. நரம்பு தட்டுப்பட்டது.

"விழுந்துச்சா?"

"தெரியல."

"இன்னொண்ணு எடுங்க."

பிலிம் சுற்ற முடியாமல் நிற்கும்வரை எடுத்தான். கேமராவை அல்லி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் காரைக்கால் வரைக்கும் முடிச்சின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

கட்டைப் பார்த்து நீலமேகம் கத்திரியைத் தேடினார்.

"இங்க வேணாங்க," என்றாள் அல்லி. "உள்ள கொண்டுபோங்க. கதவச் சாத்திட்டு, இருட்டுல அறுங்க."