மண்ணுக்குள் இறங்கிய கமலவேணி டாக்கீஸ்

ஆரணி கமலவேணி டாக்கீஸ், ஆளில்லாமல் ஓடும் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அரிசி அளவு மண்ணுக்குள் இறங்கும். நிறைந்து ஓடினால் அதே அளவு மேலே ஏறும். பாதி நிறைந்தால் இருந்த இடத்திலேயே நிற்கும். கட்டிய ஆண்டு 1964. முதல் பதினைந்து வருடம் ஏறுமுகம்தான். வாசலுக்குப் படி கட்டுவதற்கென்றே வீரன் என்கிற கொத்தனாரை மாதச் சம்பளத்தில் வைத்திருந்தார்கள். எழுபத்தெட்டில் படிகள் இருபத்தேழு. இடுப்பில் பிள்ளையும் கையில் முறுக்குப் பொட்டலமுமாக ஏறி வந்த பெண்கள் மூச்சு வாங்கியபடி வீரனைத் திட்டினார்களே தவிர, கட்டடம் ஏன் ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. படம் நன்றாக இருந்தால் ஏறத்தானே செய்யும். கூரைமேல் இருந்த கொடி சந்தவாசல் வரை தெரிந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அது கொஞ்சம் மிகை. போளூர் ரோட்டில் பாதி தூரம் வரை தெரிந்தது உண்மை.

தியேட்டரைக் கட்டியவர் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். மகன் ஜெகநாதனை டிக்கெட் கவுன்டரில் உட்காரவைத்தார். ஜெகநாதனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் அன்றே இரண்டு சட்டம் போட்டுக்கொண்டார். ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டாமல் கவுன்டரை விட்டு எழுவதில்லை என்பது ஒன்று. துண்டு கிடக்கும் நாற்காலி ஆள் இருக்கும் நாற்காலி என்பது இன்னொன்று. நெசவுத் தெருக்களில் தறியை விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாது. ஒருவர் முன்னால் ஓடி வந்து வீட்டில் உள்ள தலைகளுக்கு ஏற்ப துண்டு போட்டு இடம் பிடிப்பார். படம் முடிகிறவரை அந்தத் துண்டுக்கு உரியவர் வராவிட்டாலும் அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. எண்பத்து மூன்றில் ஒரு பெரிய அதிகாரி துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். ஜெகநாதன் அவரை இருபத்தேழு படியும் கையைப் பிடித்து இறக்கிவிட்டு வந்தார். அதன் பலனாக இரண்டு வருடம் லைசென்ஸுக்கு அலைந்ததை அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

பிறகு டிவி வந்தது, டிவிடி வந்தது, ஆளுக்கொரு செல்போன் வந்தது. வீரன் கட்டிய படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. 2013 தீபாவளிக்குப் பிறகு ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டச் சந்தர்ப்பமே வரவில்லை. ஆகவே ஜெகநாதனும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு, தூக்கம், சவரம் எல்லாம் அந்த நாற்காலியில்தான். கவுன்டர் ஜன்னலுக்கு வெளியே முதலில் தெருவில் போகிறவர்களின் முகம் தெரிந்தது, பிறகு முழங்கால், பிறகு செருப்பு, கடைசியில் மண். மொட்டைமாடிக் கதவு தெருவுக்குச் சமமாக வந்தபோது, தியேட்டருக்கு வரி போடுவது கட்டடமாகவா கிணறாகவா என்று நகராட்சியில் ஒரு வருடம் குழப்பம் நடந்தது. கொரோனாவில் காட்சி இல்லாததால் இறங்கவும் இல்லை. காட்சியையே நிறுத்திவிட்டால் என்ன என்று ஜெகநாதனின் மகள் பானுப்ரியா நிறுத்திப் பார்த்தாள். நான்கு நாள் அவர் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி ஓட்டினாள்.

பானுப்ரியாதான் இப்போது படம் ஓட்டுகிறாள். போன மார்கழியில் அவள் அளந்து பார்த்தபோது மாடிக் கதவின் மேல்விளிம்பு தெருவுக்கு மேல் இரண்டு முழமே இருந்தது. அதுவும் உள்ளே போய்விட்டால் அப்பாவுக்குச் சாப்பாடு இறக்க வழியில்லை, அப்பாவை ஏற்றவும் வழியில்லை. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மொத்தம் முப்பத்தாறு படி இறங்கிப் போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"எழுந்து வந்துடுங்கப்பா. உங்கள உள்ள வச்சி மூடிடும்பா."

"பலகைய மாட்டாம எப்டிம்மா எழுந்து வர்றது?" என்றார். கோபம் இல்லை, சொந்த வேலையைப் பற்றிப் பேசுகிற குரல்.

அதனால் பொங்கல் அன்று மேட்னிக்கு ஊரை வரவழைப்பது என்று அவள் தெருத்தெருவாகப் போனாள். விசைத்தறி சத்தத்தில் ராஜேஷ், "வர்றோம் பானு, முன்னாடி போயி இடம் புடி" என்று கத்தி, வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து துண்டு எடுத்துக் கொடுத்தான். பட்டுக்கடை லீலா குடும்பத்துக்கும் சேர்த்து ஒன்பது கொடுத்தாள். இல்லை என்று யாருக்கும் சொல்ல வரவில்லை. இடம் பிடிக்கச் சொல்லித்தான் ஆரணி வாய்க்குப் பழக்கம். நாற்காலிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. துண்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தது.

பொங்கல் அன்று காலையிலேயே நாற்காலிக்கு ஒன்றாக எல்லாத் துண்டையும் போட்டாள். மேட்னிக்குப் படம் ஆரம்பித்தது. ஒருவரும் வரவில்லை. யாரிடமும் வஞ்சகம் இல்லை. சாப்பிட்டதும் கண் அசந்துவிட்டது, டிவியில் நல்ல நிகழ்ச்சி, விருந்தாளி. பானுப்ரியா கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, அழுதுகொண்டே அப்பாவிடம் சொல்ல இறங்கினாள். கவுன்டர் காலியாக இருந்தது. ஜெகநாதன் ஹால் வாசலில், ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டிவிட்டு, சட்டையில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாத்துக்கு அழுவற? ஒரு சீட்டு பாக்கி இல்ல, பாத்தியா?"

"ஆளுங்க வரலப்பா."

"வந்துகினு இருப்பாங்க. துண்டு போட்டுட்டாங்க இல்ல."

கட்டடம், பாரம் ஏற்றிய லாரி கிளம்புவதுபோல ஒருமுறை உலுக்கி, ஓர் அரிசி ஏறியது. மறுநாள் துண்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "அங்கியே இருக்கட்டும் பானு, நாளைக்கு வந்துடறோம்." அவள் மனப்பூர்வமாக நம்பினாள். தினம் நான்கு காட்சி, நான்கு அரிசி. எதிர் டீக்கடை வேணுகோபால் தன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வந்தார். பதினோராவது மாதம், இந்தக் கார்த்திகையில், கவுன்டர் ஜன்னல் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஜெகநாதன் முகத்தில் வெயில் விழுந்தது. கண் கூசுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இன்று ஆரணிக்குப் போகிறவர்கள் காந்தி சாலையில் பட்டு எடுத்துவிட்டு ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். போன வாரம் தேவிகாபுரத்திலிருந்து தென்னரசுவும் இனியாவும் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று டிக்கெட் கேட்டார்கள். ஜெகநாதன் பலகையைக் காட்டினார். இனியா கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள். "உள்ள யாரும் இல்லீங்களே, தாத்தா?" என்றாள். "துண்டு கண்ணுக்குத் தெரியல?" என்றார் அவர். அவள் இன்னொரு முறை பார்த்தாள். ஆமாம், எல்லாவற்றிலும் துண்டு கிடந்தது. நின்றுகொண்டு பார்க்கலாமா என்று தென்னரசு கேட்டான். அதற்குத் தடை இல்லை. இருவரும் உள்ளே போய்ப் புடவைப் பையைக் காலடியில் வைத்துவிட்டுப் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெகநாதன் கவுன்டரைப் பூட்டிவிட்டு வந்தார். பானுப்ரியா ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு வரிசையாக நடந்து தேடினார், எங்கும் இடமில்லை. கடைசியில் அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் போய், அவரும் நின்றுகொண்டே படம் பார்த்தார்.