ஆளுக்கொரு டப்பா

கோகுலகிருஷ்ணன் அரியலூரிலிருந்து மாமியார் வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்ப்பவர்களுக்கு, மனிதர் எங்கோ ராக்கெட் விடப் போகிறார் என்றுதான் தோன்றும். காரின் டிக்கியில் ஆசிலாஸ்கோப். அதன் பக்கத்தில் கம்பளி சுற்றிய சிக்னல் ஜெனரேட்டர். முன் இருக்கையில் சீட் பெல்ட் போட்ட வால்வு டெஸ்டர். மனைவி ஜோதி பின் இருக்கையில், மடியில் மல்டிமீட்டரோடு.

சிமெண்ட் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற கையோடு 'அனைத்துலகப் பழம்பெரும் வானொலி மீட்புக் கழகம், அரியலூர்' என்று லெட்டர்பேடு அடித்துவிட்டார். நிறுவனர், தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. பொருளாளர் ஜோதி. லெட்டர்பேடைப் படித்துத்தான் அவளுக்கே அந்த விஷயம் தெரிந்தது.

அதே நேரம் பெரம்பலூரிலிருந்து அவருடைய சகலை தமிழழகனும் கிளம்பியிருப்பார். கல்லூரி ஒன்றில் லேப் பொறுப்பாளர். அவருக்குக் கழகம் இல்லை, யூடியூப் சேனல் உண்டு. பெயர் 'வால்வு வேந்தன்'. பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இன்டர்னல் மார்க்குக்குப் பயந்த மாணவர்கள், மீதிப் பேர் சொந்தக்காரர்கள்.

இரண்டு கார்களும் போய் நிற்கிற இடம் திருமழபாடி. மாமியார் ரத்தினம்மாள் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருக்கிறது. மாமனார் பிச்சைமுத்து வாங்கியது.

பாடிய காலத்தில் அது முறுக்கியதும் பாடிவிடாது. முதலில் டயலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வரும். அப்புறம் சூடான தூசியின் வாசனை. அப்புறம்தான், யாரோ பக்கத்துத் தெருவிலிருந்து பேசிக்கொண்டே நடந்து வருகிற மாதிரி, ஒரு குரல் கிட்டே வரும். அந்தக் குரல் வந்து சேர்வதற்குள் ஜோதியும் தங்கை கீதாஞ்சலியும் திருகை யார் பிடிப்பது என்று ஒரு சண்டையை ஆரம்பித்து முடித்திருப்பார்கள். வயலிலிருந்து வந்து கால் கழுவிய பிச்சைமுத்து, அதன் மேற்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். மார்கழியில் அந்த இடம் பூனைக்கு. கீதாஞ்சலி என்ற பெயரே ரேடியோவில் கேட்டு வைத்ததுதான். ஊரில் பாதிப் பேர் கடைசிவரை அவளைக் 'கீதாஞ்சி' என்றே கூப்பிட்டார்கள்.

பிச்சைமுத்து இறந்தபோது, கருமாதிப் பத்திரிகையில் சின்ன மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. விழுந்தது. பெரிய மாப்பிள்ளையின் பி.எஸ்ஸி. விடுபட்டுப் போயிற்று. 'என் படிப்பையும் சேத்துப் பொதச்சிட்டாங்க' என்று கோகுலகிருஷ்ணன் பந்தியிலிருந்து எழுந்து போனார். புருஷன்மார்களின் பட்டத்துக்காக அக்கா தங்கை பேச்சு நின்றது. பொங்கலுக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் வரமாட்டாள்.

ரத்தினம்மாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் அந்த அடுப்படியில் நிற்க வேண்டும். இரண்டு மருமகன்களுக்கும் தனித்தனியாகப் போன் போட்டார்.

"அவரு ரேடியோ மூச்சே விடமாட்டேங்குது மாப்ள. யாரு பாட வெக்கிறீங்களோ அவுங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. ஞாயித்துக்கிழம வாங்க. அவளையும் கூட்டியாந்துருங்க."

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் இரண்டு கார்களும் வாசலில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. திரும்பிப் போனால் தோற்றுப் போனதாக ஆகிவிடும் என்பதால் இருவருமே இறங்கினார்கள்.

வாரா வாரம் வந்து கெட்டுப்போன கண்டன்சர்களை மாற்றினார்கள், கருகிய ஒயரைப் பிடுங்கினார்கள். கடைசியில் டியூன் பண்ணுகிற வேலை மட்டும் மிச்சம். ரேடியோவுக்குள்ளே இரண்டு அலுமினிய டப்பாக்கள். ஸ்டேஷனிலிருந்து வருவது முதல் டப்பாவில் நுழைந்து இரண்டாவது வழியாக வெளியேற வேண்டும். இரண்டையும் ஒரே அலைக்குத் திருகி வைத்தால்தான் வழி திறக்கும். அந்த அலையைக் கொடுப்பதுதான் சிக்னல் ஜெனரேட்டர்.

"மூத்தவன் நான். நான்தான் திருகுவேன். என் மெஷின் லண்டன்ல செஞ்சது."

"சரிங்கண்ணே. செஞ்சது எப்ப? வெள்ளக்காரன் இங்க இருந்தப்பவா?"

"உங்களுது என்ன தம்பி, சோப்பு டப்பா மாரி இருக்கு. அதுல அல வருமா, நொர வருமா?"

ரத்தினம்மாள் குறுக்கே வந்தார். "எனக்கு ரெண்டு மாப்ளையும் ஒண்ணுதான். டப்பாவும் ரெண்டு இருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க."

தீபாவளிக்கு வேட்டி எடுப்பதும் அவர் அப்படித்தான், கரை கூட மாறாது. மரியாதைப் பங்கீடு என்று வந்த பிறகு யார் மறுக்க முடியும்? பெரியவர் முதல் டப்பாவைத் தன் மெஷினை வைத்துத் திருகினார். சின்னவர் இரண்டாவதைத் தன் மெஷினை வைத்துத் திருகினார். இரண்டு மெஷினும் ஒரே எண்ணைத்தான் காட்டின. ஆனால் இரண்டும் கொடுத்த அலை வேறு வேறு. பாட்டு முதல் டப்பாவுக்குள் நுழைந்து, இரண்டாவதன் வாசலில் கதவு சாத்தியிருக்கக் கண்டு திரும்பிற்று. ஆசிலாஸ்கோப்பில் பச்சைக்கோடு அழகாக நெளிந்தது. ரேடியோ 'ஸ்ஸ்' என்றது.

"என் டப்பா சுத்தமா இருக்கு."

"என்னுதுலயும் குறையில்லங்கண்ணே."

ஒரு மெஷினை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அரை நாழியில் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் யாராவது ஒருவருடைய மெஷின் பொய் என்று ஆகிவிடும். அந்த அபாயத்துக்கு விஞ்ஞானிகள் இருவருமே தயாராக இல்லை.

அடுப்படியில் முதல் வாரம், "உப்பு எங்கருக்குன்னு கேளும்மா," "மாடத்துல இருக்குன்னு சொல்லும்மா" என்று எல்லாப் பேச்சும் ரத்தினம்மாள் வழியாகவே போயிற்று. ஆடியில் அவர் தேவைப்படவில்லை. புரட்டாசியில் அக்கா தங்கை சிரிப்புச் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. விஞ்ஞானிகள், "கொஞ்சம் மெதுவா, அளவு எடுக்குறோம்ல" என்று அதட்டினார்கள். ரேடியோ ஊமையாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் ரத்தினம்மாளுக்குத் திருவிழா.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கோகுலகிருஷ்ணன் டிக்கியைத் திறந்தார். கம்பளி இருந்தது. அது சுற்றியிருந்தது ஒரு பெரிய பித்தளைக் குண்டானை.

"ஜெனரேட்டர் எங்கடி?"

"எறக்கி வூட்டுல வெச்சிட்டேன். கீதா மவளுக்கு வளகாப்புக்குக் குண்டான் கேட்டா. எடம் பத்தல."

"குண்டானுக்காக லண்டன் மெஷின எறக்குனியா?"

"லண்டன் மெஷின்ல புளிசாதம் கிண்ட முடியுமா?"

அவர் காரை எடுக்கப் போனார். ரத்தினம்மாள் வாசற்படியில் நின்றார். இன்று இவர் போனால் ஜோதியும் போவாள், போனால் மறுபடி எப்போது? தமிழழகன் இந்தச் சந்தர்ப்பத்தைச் சேனலுக்காகப் படமெடுக்கப் போனை உயர்த்தினார். "அதக் கீழ வெக்கிறீங்களா, கெணத்துல போடவா?" என்றாள் கீதாஞ்சலி. போன் கீழே வந்தது. தமிழழகன் பெரியவர் பக்கம் திரும்பினார்:

"அண்ணே, என் மெஷின வெச்சி நீங்களே உங்க டப்பாவத் திருவுங்களேன்."

கோகுலகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, ஒப்பீட்டு ஆய்வுக்காக. தற்காலிகமா."

திருகினார். ரேடியோ 'ஸ்ஸ்' என்பதை விட்டது. கொஞ்சம் கரகரத்தது. பிறகு கூடம் முழுக்க ஒரு குரல் வந்து நின்றது. திருச்சி நிலையம். மக்காச்சோளத்தில் படைப்புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள்கள் ஈரக் கையோடு ஓடிவந்தார்கள். இனக்கவர்ச்சிப் பொறி எங்கே வைப்பது, எந்தப் பருவத்தில் புழு குருத்துக்குள் போகும் என்று எல்லாவற்றையும் கச்சேரி கேட்கிற மாதிரி நின்று கேட்டார்கள். ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் மக்காச்சோளம் போட்டதில்லை. ரத்தினம்மாள் மேற்பலகையைத் தொட்டுப் பார்த்தார். சூடேறிக்கொண்டிருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

"அப்ப, திருவுனது நான்," என்றார் கோகுலகிருஷ்ணன் மெல்ல.

"மெஷின் என்னுதுங்கண்ணே."

"கைதானய்யா முக்கியம்?"

"அப்ப வெறுங்கையால திருவிருக்கலாமே?"

கீதாஞ்சலியின் முகம் மாறியது. ஜோதி தன் கைப்பையைத் தேட ஆரம்பித்தாள்.

ரத்தினம்மாள் ரேடியோவை நிறுத்தினார்.

"பாட வெக்கச் சொன்னேன். இது புழுவப் பத்தில்ல பேசுது?"

"அத்தை, ஸ்டேஷன்ல அப்ப என்ன போடுறாங்களோ..."

"அவரு சாயங்காலமானா கேக்குறது சிலோனு. அது வரட்டும். யாருக்குன்னு அப்பறம் பாப்போம்."

சகலைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலோன் வருவது ஷார்ட் வேவில். அதற்கான கம்பிச் சுருளை எலி தின்று, வெறும் குழல்தான் மிச்சம். புதிதாகச் சுற்ற வேண்டும், மாடியில் ஏரியல் கட்ட வேண்டும். அத்தனையும் செய்தாலும் பிடிக்க அங்கிருந்து இன்னும் அலை வருகிறதா என்பது இருவருக்கும் சந்தேகம். கோகுலகிருஷ்ணன் அதை விளக்கத் தொண்டையைச் செருமினார். தமிழழகன் அவர் முழங்கையைத் தொட்டார்.

"செய்யலாங்கத்தை," என்றார் தமிழழகன். "ஆனா ரொம்ப நாளாவும். அண்ணன் மெஷினும் வேணும்."

கோகுலகிருஷ்ணன் செருமலை விழுங்கினார். "ஆமா அத்தை. இது ரெண்டு பேரு வேல. கழகத்துல ஒரு துணைத்தலைவர் பதவிகூட காலியாத்தான் இருக்கு." ஜோதி கைப்பையை வைத்துவிட்டுத் தங்கையோடு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"ஆவட்டும், ஆவட்டும். அவசரமில்ல," என்ற ரத்தினம்மாள் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏண்டி, அடுத்த ஞாயித்துக்கு மீனா, கோழியா?"

உள்ளேயிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பதில் வந்தது.