இல்லாத காலத்தில்

...அதுவும் ‘மௌத்தாகிவிட்டால்’, ‘செத்துப்போனால்’ என்றெல்லாம் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாதாம், ‘இல்லாத காலத்தில்’ என்றுதான் சொல்ல வேண்டுமாம், நம்பிராஜன் சார் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினார், உங்க வீட்டுக்காரர் இல்லாத காலத்துல பிள்ளைங்க படிப்பு நிக்கக் கூடாதும்மா என்று, நானும் உருகித் தலையாட்டினேன், பிறகுதான் இந்த மனிதர் இதை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார் என்று சிரிப்பு வந்தது. தென்காசியில் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி அவர், ஏஜென்ட் சேர்ப்பதுதான் வேலை. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் சபரில் இருக்கிறார்கள், சவூதி, துபாய், கத்தார், அந்த வீடுகளில் அடுப்படி வரைக்கும் போகிறவள் ஹுஸ்னா, அதனால் நான்தான் சரியான ஆளாம். சாயங்காலத்துக்குள் சேருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தப்பிக்கத்தான் நாத்தனார் ஹைருன் பீவியோடு ஐந்தருவிக்குக் கிளம்பி வந்தேன், வந்து பார்த்தால் சீசன் கூட்டம், பெண்கள் வரிசையில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முன்னால் யாரோ ஒருத்தியின் நனைந்த முதுகு, பின்னால் மதினியின் வயிறு, சாரல் வேறு, திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

சேர்ந்தால் என்ன குறைந்துவிடும்... குறையும், கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பந்தியைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுவார்கள், கதவைத் திறந்துகொண்டே வீட்டில் யாருமில்லை என்று என்னிடமே சொல்லுவார்கள். ஆனால் இதெல்லாம் ஒரு காரணமா, காலையில் என் வீட்டுக்காரர் அஃப்சல் போனில் அனுப்பியிருந்த குரலைக் கேட்ட பிறகும் இதையெல்லாம் காரணமென்று சொல்லலாமா. சவூதியில் தம்மாமிலிருந்து, டூட்டிக்குப் போகிற வண்டி இரைச்சலுக்கு நடுவே, ஹுஸ்னா, நீ மட்டும் இந்த ஏஜென்ட் வேலைல நின்னுட்டேன்னா நான் விசாவ கேன்சல் அடிச்சிட்டு ஊருக்கே வந்துருதேன் புள்ள, முட்டி ரெண்டும் போச்சு, இனி என்னால முடியாது. அஃப்சல் கெஞ்சி நான் கேட்டதில்லை. நான் மாட்டேன் என்றால் அந்த மனிதர் அங்கேயே கிடந்து வேக வேண்டும், என்னால். சரி என்றால் வந்துவிடுவார். வரட்டுமே, வருவது நல்லதுதானே, மாமி நேர்ச்சை வைத்துக் காத்திருக்கிறாள், பிள்ளைகள் குதிக்கும்... பிறகு ஏன் அந்தக் குரலைக் கேட்டதும், கட்டிலில் அவர் பக்கம் மடித்து அடுக்கியிருக்கிற துணிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முதலில் யோசித்தேன். பீரோவில் இடமில்லை. பீரோவில் இடமில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

வரிசை நகரவில்லை. வாயில் வருகிறதா என்றாவது பார்ப்போமே என்று மதினி பக்கம் முகத்தைத் திருப்பி, நம்பிராஜன் சார் மாதிரியே குரலைத் தாழ்த்தி, மசூது மச்சான் இல்லாத காலத்துல நீங்க எப்படிச் சமாளிப்பீங்க மதினி என்றேன். மதினி ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

“இப்ப மட்டும் இருக்காகளாக்கும்?”

முன்னால் நின்றவளும் திரும்பிச் சிரித்தாள், அவள் வீட்டிலும் மச்சானைப் போல யாரோ சபரில் இருக்க வேண்டும். நானும் சிரித்தேன். போச்சு, சார் சொல்லிக் கொடுத்த வார்த்தை எங்கள் தெருவில் செல்லாது, எங்களிடம் இதைச் சொன்னால் சாவு ஞாபகம் வராது, கத்தார்தான் ஞாபகம் வரும், சாயங்காலம் அவரிடம் இதையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் அத்தனை நிம்மதி. அதற்குள் மதினி என் தோளில் கையை வைத்தாள்.

“சிரிக்கேன்னு நெனைக்காதட்டீ. வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சு அவுக போன் வரலேன்னா எனக்குச் சோறு எறங்காது.”

யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள், பெண் போலீஸ் விசில் ஊதினாள், தண்ணீர் விழுகிற சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை... எங்களுக்கும் வெள்ளிதான், அவருக்கு லீவு, தொழுதுவிட்டு வந்து வீடியோவில் பேசுவார், பிள்ளைகள், மாமி, கடைசியில் நான். போன சனிக்கிழமை அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்ததே, கோவமா புள்ள என்று, கோபம் எதற்கு என்று விளங்காமல் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு மீன் கழுவப் போனேன். எதற்குக் கேட்டார்... யா அல்லாஹ், முந்தின நாள் அவர் பேசவே இல்லை. நான் வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், அவர் பேசவில்லை என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.