சீட்டாட்டக் காட்சி

நான்காவது முறையும் மிக்கா அழுதுவிட்டாள். கையில் சீட்டுகளை விசிறிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தில் ஜெயித்த குஷியில் வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதிச் சிரிப்பில் கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, தாடையில் ஒரு சொட்டு வந்து தங்கியது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இத்தனை அழகாக அழ வருமா என்று கேமராவைப் பிடித்திருந்த டிண்டோ அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்த அவனுக்கு மனமில்லை. ஜோவெலின்தான் "கட்" என்றாள்.

"மிக்கா, அழக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"வந்துருதுக்கா. நான் என்ன பண்ண? அம்மா பெட்டிக்குள்ள இருக்காங்கன்னு நெனச்சாலே தானா வருது."

"அத நெனைக்காத. கையில இருக்கிற சீட்ட மட்டும் நெனை."

"ஊர்ல இருக்கிற டைரக்டரெல்லாம் அழ வைக்க மருந்து வாங்குறான்," என்றான் டிண்டோ. "நம்ம டைரக்டரம்மாவுக்கு மட்டும் அழுகைய நிறுத்துறதுக்கு மருந்து வேணும்."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நடுப்பகல். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி அறையை ராத்திரியாக்கியிருந்தார்கள். மின்விசிறியின் சத்தம் ஒலிப்பதிவில் விழும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. எல்லோர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. ஓத்தோன் என்ற சிற்றூரில் ஜோவெலினின் சித்தி நெனிதாவின் வீடு அது. ஜோவெலின் வளர்ந்த வீடும் அதுதான். படம் எடுக்க வீட்டைக் கொடுக்கும்போது சித்தி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். உயிரோடு இருக்கிறவர்கள் புழங்குகிற வீட்டுக்குள் காலிச் சவப்பெட்டி வரக் கூடாது. வந்தால் அது நிரம்பாமல் போகாது என்றாள். அதனால் இரண்டு பெஞ்சுகளின் மேல் ஒரு பலகையை வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக விளக்கு நிறுத்தியிருந்தார்கள். காட்சியின் ஓரத்தில் அதன் விளிம்பு மட்டும் தெரியும்.

ஜோவெலினுக்கு இலோய்லோ நகரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. மாணவர்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். எதைப் பற்றி எடுக்கப் போகிறாய் என்று பேராசிரியர் கேட்டபோது, ஜோவெலின் யோசிக்காமல் சொன்னது இந்தக் கதையைத்தான். அம்மா செத்தபோது அழாத ஒரு பெண்ணின் கதை. தன்னுடைய கதை என்று அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அவளுடைய அம்மா மரிவிக், ஜோவெலினுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அப்பா அதற்கு முன்பே தெற்கே மிண்டனாவோ தீவுப் பக்கம் போய் வேறு குடும்பமாகிவிட்டார். ஒன்பது வருடத்தில் அம்மா ஊருக்கு வந்தது மூன்று தடவை. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை ஃபோன். சாப்பிட்டியா, படிக்கிறியா, சித்தி சொல்றதக் கேக்குறியா. ஜோவெலின் ஃபோனைச் சித்தியின் கைக்கு மாற்றிவிட்டு விளையாட ஓடிவிடுவாள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு நாள், தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்து அம்மா போய்விட்டதாகச் செய்தி வந்தது. சில வாரம் கழித்துப் பெட்டி வந்தது. விமான நிலையத்தின் பின்பக்கம், சரக்கு இறக்குகிற கொட்டகையில், தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் கார் சக்கரங்களுக்கும் நடுவில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார்கள்.

கண்ணாடிக்கு அடியில் தெரிந்த முகம் ஃபோனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பருமனாக இருந்தது. உதட்டுச் சாயம் அம்மா பூசுகிற நிறமில்லை. ஜோவெலின் பக்கத்தில் போய் நின்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணீர் கண்ணாடி மேல் விழக் கூடாது, விழுந்தால் போகிறவளின் வழி கனக்கும் என்று பெண்கள் முன்கூட்டியே எச்சரித்து, கைக்குட்டையும் கொடுத்து வைத்திருந்தார்கள். அது மடிப்புக் கலையாமல் அவள் கையிலேயே இருந்தது. அவள் முகத்தைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள்போல் அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அன்று சாயங்காலம், சாவு வீட்டில் இரவு விழித்திருப்பவர்களுக்காகப் போட்ட சீட்டு மேசையில் உட்கார்ந்து அடுத்தடுத்து ஜெயித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். சித்தி எங்கிருந்தோ வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். 'கல்லுடி இது' என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில், தேவாலயத்தில், கல்லூரிக்குப் பேருந்தில் போகும்போது, எங்கே யார் அழுவதைப் பார்த்தாலும் அவளுக்கு அறை வாங்கிய அந்தக் கன்னம் ஞாபகம் வரும். அம்மாவின் பெட்டிக்கு முன்னால் சிரித்தவள் நான். இதைச் சொல்லித் தீர்க்கத்தான் படம்.

சித்திக்குக் கதை தெரியாது. சாவு வீட்டுப் படம் என்ற அளவுக்குத்தான் ஜோவெலின் சொல்லியிருந்தாள். "உங்கம்மா கதையா?" என்று சித்தி கேட்டதற்கு, "அந்த மாதிரி" என்று மழுப்பியிருந்தாள்.

ஐந்தாவது முறை மிக்கா எப்படியோ சிரித்துவிட்டாள். சித்தியாக நடித்த கெம்மா வேகமாக உள்ளே வந்தாள். நாடகக் குழுவில் இருப்பவள். தலையில் மாவு தடவி நரை வரவழைத்திருந்தாள். "பெத்தவ பொணமாக் கெடக்கா, உனக்குச் சிரிப்பு கேக்குதா?" என்று கையை ஓங்கினாள். கன்னத்துக்குப் படாமல் கை போய்வர, மிக்கா தலையைச் சரியாகத் திருப்பினாள். அடுக்களையில் பலாக்காய் நறுக்கும் சத்தம் நின்றுபோனதை ஜோவெலின் கவனித்தாள். ஒலிப்பதிவுக்கு நல்லதாயிற்று என்றுதான் அப்போது நினைத்தாள்.

சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். துவரையும் பலாக்காயும் போட்ட பன்றிக்கறிக் குழம்பு. பையன்கள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, சித்தி பின்வாசல் குழாயடியிலிருந்து அவளைக் கூப்பிட்டாள். தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த மாவுத் தலைக்காரி யாரு? நானா?"

"ஆமா, சித்தி."

"சிரிச்சதுக்கா நான் உன்னை அடிச்சேன்?"

"பின்ன?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? வாங்குனது நான்தானே."

சித்தி ஒரு தட்டைக் கழுவி, கவிழ்த்து, அதன் மேல் இன்னொன்றைக் கவிழ்த்தாள். "சாவு வீட்டுல சீட்டாடுறவங்க சிரிக்காம என்ன பண்ணுவாங்க? விடிய விடிய முழிக்க வேணாமா? அன்னைக்கு நானே ரெண்டு ஆட்டம் போட்டேன். உன்னைக் கூட்டிட்டுப் போய் மேசையில உக்கார வச்சதே நான்தான்டி. உங்கம்மா பெட்டி பக்கத்துல நின்னது நின்னபடியே நிக்கிற. சாப்பிடல, பேசல, உக்காரக்கூட இல்ல. பயந்துபோயி, புள்ளைய ஆட்டத்துல சேத்துக்கங்கன்னு நான்தான் கெஞ்சுனேன். நீ சிரிச்சதும் எனக்கு உசுரு வந்துச்சு."

இது ஜோவெலினின் கதையில் இல்லாதது.

"அப்புறம் நீ ஜெயிச்ச. ஜெயிச்ச குஷியில என்னைப் பாத்துத் திரும்பி, 'ம்மா, தண்ணி கொண்டா'ன்ன."

"நான் உன்னை அப்படிக் கூப்பிட மாட்டேனே."

"முழிச்சிருக்கப்ப கூப்பிட மாட்ட. காய்ச்சல் வந்தா கூப்பிடுவ. தூக்கத்துல கூப்பிடுவ. காதுல விழாத மாதிரி இருந்துப்பேன். புடிக்காம இல்ல." சித்தி குழாயை மூடினாள். "அன்னைக்கு அவ அங்க படுத்திருக்கா. ஒம்போது வருசம் அடுத்தவன் வீட்டுக் கக்கூசக் கழுவி உனக்குப் பணம் அனுப்பிச்சுட்டு, திரும்பி வந்து படுத்திருக்கா. அவ காது கேக்க நீ என்னை அம்மாங்கிற. ரூம்ல இருந்த அத்தனை பேரும் என்னையத்தான் பாத்தாங்க. கை போயிருச்சு."

"இத்தன நாள் ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. அன்னைக்கோட அந்த வார்த்தைய நீ எடுக்கவும் இல்ல. காய்ச்சல்லகூட. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜோவெலின் ஈரத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அந்த மேசையை இன்றைக்கும் அவளால் வரைந்து காட்ட முடியும். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், தன் கையில் என்ன சீட்டு இருந்தது, பிஸ்கட் தட்டில் எறும்பு ஏறியிருந்தது, எல்லாம் தெரியும். தாகம் மட்டும் எத்தனை தேடியும் அகப்படவில்லை. சித்தி பொய் சொல்கிறவள் இல்லை. தப்பாக ஞாபகம் வைத்திருக்கலாம். தானும் அப்படி வைத்திருக்கலாம். கோபம் ஒன்று வந்தது, யார் மேல் என்று தெரியாமல். ஐந்து வருடம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த பொருளை யாரோ கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது உன்னுடையது மட்டும் இல்லையே என்று திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. மூன்று மணிக்குள் விளக்குகளைத் திருப்பித் தர வேண்டும்.

உள்ளே போய் மிக்காவிடம் வசனத்தை மாற்றிச் சொன்னாள். மிக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சித்தியப் போயி எதுக்குக்கா அம்மாங்கிறேன்?"

"வாய் தவறி."

"அப்ப, கூப்பிட்டது எனக்கே தெரியாது?"

"தெரியாது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல," என்றாள் மிக்கா, சலிப்போடு. "தெரியாதவ ஏன் அழப் போறா?"

எல்லோரும் இடத்தில் உட்கார்ந்தார்கள். மிக்கா சீட்டை மேசையில் அடித்துப் போட்டாள், சிரித்தாள், சிரிப்பு குறையாமலே அடுக்களைப் பக்கம் திரும்பி, "ம்மா, தண்ணி கொண்டா" என்றாள். கெம்மா வந்தாள், அறைந்தாள், முறைத்தாள்.

"அப்படி இல்ல."

அடுக்களை வாசலில் சித்தி நின்றாள். கையில் கரித்துணி. ஏதோ ஒரு பழைய தேர்தலில் கொடுத்த பனியனைப் போட்டிருந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நேராகக் கெம்மாவிடம் போனாள்.

"முறைக்காத. அவளைப் பாக்க எனக்கு எங்க முடிஞ்சிது? அடிச்சதும் கை இங்க வந்துருச்சு." தன் உள்ளங்கையை வாயின் மேல் வைத்துக் காட்டினாள். "என் வாய நானே பொத்திக்கிட்டேன், பேசுனது நான்ங்கிற மாதிரி. கண்ணு அங்க போச்சு." வெள்ளைத் துணி போர்த்திய பலகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்து, "அவ்வளவுதான். அடுப்புல தண்ணி கொதிக்குது," என்று உள்ளே போய்விட்டாள்.

கெம்மா இரண்டு தடவை தனியாகச் செய்து பார்த்தாள். பிறகு எடுத்தார்கள். அறைந்த கை, விழுந்த இடத்திலிருந்து நேராக வாய்க்குப் போயிற்று. கண் பலகைக்குப் போயிற்று. மிக்கா அழவில்லை. ஜெயித்த சிரிப்பு, போவதா இருப்பதா என்று தெரியாமல் அவள் முகத்தில் அப்படியே கிடந்தது. அந்த முகத்தை ஜோவெலின் அதுவரை பார்த்ததில்லை. யாரும் தன் முகத்தைத் தானே பார்த்திருக்க முடியாது. கட் சொல்ல மறந்தாள். டிண்டோதான் மெதுவாக, "போதுமா?" என்றான்.

அடுத்து வந்த நாட்களில், கல்லூரியின் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டினாள். பேராசிரியர் ஒரு தடவை வந்து பின்னால் நின்று பார்த்தார். "இது பொண்ணோட துக்கமா, சித்தியோட துக்கமா? பன்னிரண்டு நிமிசப் படம். ரெண்டு பேருக்கு எடம் கெடையாது, ஒன்ன எடு," என்றார். அவர் சொன்னது பாடப்படி சரிதான். பெண்ணின் படமாக ஒன்று செய்து பார்த்தாள். அதில் சித்தி வெறும் கொடுமைக்காரியாக இருந்தாள். சித்தியின் படமாக ஒன்று செய்து பார்த்தாள். அதில் பெண் எதுவும் புரியாத குழந்தையாக இருந்தாள். முடிவில் இருவரையும் விட்டுவைத்தாள். படம் நடுவில் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. நிமிர்த்தப் பார்த்தால் ஏதோ ஒன்று உடைந்தது.

படம் காட்டிய நாளில் சித்தி தன் பெட்டிக்கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். நல்ல உடுப்பு, காலுக்குப் புதுச் செருப்பு. கடைசி வரிசையில், வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்து, பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்து விளக்கு போட்டதும் ஒரு பையன் எழுந்து கேட்டான்.

"அந்தப் பொண்ணு எப்பத்தான் அழுவா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று ஜோவெலின் பதில் தயாரித்து வைத்திருந்தாள். துக்கம், வயது, தூரம் என்றெல்லாம் அதில் இருந்தது. எழுந்து நின்றாள். "தெரியல," என்றாள். "எடுக்க ஆரம்பிக்கிறப்ப எல்லாம் தெரியும்னு நெனச்சேன். எடுக்க எடுக்கத்தான் அவளை எனக்குச் சரியாத் தெரியாதுன்னு தெரிஞ்சுது." பையன் தலையாட்டினான். அடுத்த படம் போட்டார்கள்.

வெளியே வந்து சாலையைக் கடந்தார்கள். ஊர்களுக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்னி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்ததும் சித்தி சொன்னாள்.

"அந்தக் குட்டி நல்லாப் பண்ணுது."

"ம்."

"அந்தப் பொம்பளதான் என்னைவிடக் குண்டு."

"மூணு சுத்து குண்டு," என்றாள் ஜோவெலின்.

ஓத்தோன் வண்டியில் கூட்டம். எதிரெதிர் இருக்கைகளில் முட்டி இடிக்க இடிக்க நெருக்கி உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் அடித்தது. வழியில் மோலோ தாண்டும்போதே சித்தி தூங்கிவிட்டாள். அதிகாலையில் எழுந்து கடைக்கு ரொட்டி இறக்கியவள். தலை ஆடி ஆடி, ஜோவெலினின் வலது தோளில் வந்து நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கோடு கோடாக நரைத்த முடி அவள் கழுத்தில் குறுகுறுத்தது. பின்னால் ஏறியவர்கள் கட்டணத்தை ஓட்டுநருக்கு அனுப்பினார்கள். சில்லறை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறி அவளிடம் வந்தது. வலது தோளை அசைக்காமல், இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி வாங்கி, அதே கையால் முன்னால் இருந்த பெரியவரிடம் கொடுத்தாள். மீதி திரும்பி வந்தது. அதையும் வாங்கிப் பின்னால் அனுப்பினாள். வண்டி நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். உள்ளங்கை சூட்டோடு காசு வந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சை மட்டும் மெதுவாக விட்டுக்கொண்டு, நீட்டி நீட்டி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.