ஒரு பலகை வழி

அருப்புக்கோட்டையில் தேக்குப் பலகைத் தரை போட்ட மச்சு ஒன்றே ஒன்றுதான் என்று நூல் வியாபாரி வெங்கடசாமி சொல்வார். யாரும் கேட்காததால் அடிக்கடி சொல்லவேண்டியிருந்தது. சண்டைக்கு முன்பு ரங்கூனிலிருந்து வந்த மரம். யுத்த நிதிக்கு அவர் அள்ளிக் கொடுத்ததை மெச்சி, மதுரையிலிருந்து ஒரு துரை சனிக்கிழமை வந்து அந்த மச்சில் தேநீர் குடிப்பதாக ஏற்பாடு. சேதி வந்த நாளிலிருந்து வெங்கடசாமி சாப்பிடும்போதும் கோட்டைக் கழற்றவில்லை.

மச்சின் கடைசியில் ஓர் அறை. அதில் அவருடைய மகள் சௌடேஸ்வரி ஏழு மாதமாகப் படுத்திருந்தாள். சயரோகம். ஊரைப் பொறுத்தவரை அவள் திருச்சுழியில் அத்தை வீட்டில் இருந்தாள். தாய் பஞ்சம்மாள்தான் கஞ்சியும் வெந்நீரும் தூக்கிக்கொண்டு படியேறுவாள். இருமல் வந்தால் முதுகைத் தடவுவாள். அந்தக் கை பட்டால்தான் மகளுக்கு மூச்சு திரும்பும்.

சங்கரலிங்கம் ஆசாரி நான்கு நாள் முழங்காலில் நகர்ந்து, உப்புத்தாள் போட்டுத் தரையைத் தேய்த்தார். பழைய மெழுகும் கறையும் போய் மரம் தேன் நிறத்துக்கு வந்தது. தூள் உள்ளே போகாமல் பஞ்சம்மாள் அறைக்கதவின் இடுக்கில் ஈரத்துணி திணித்தாள். வெங்கடசாமியும் அதை ஆமோதித்தார். இருமல் சத்தம் வெளியே வருவதும் குறைந்தது.

வியாழக்கிழமை வார்னிஷ் டப்பாவைத் திறக்குமுன் ஆசாரி தயங்கி நின்றார்.

"சுவரோரமா ஒரு பலகைய விட்டுருவோம் மொதலாளி. அம்மா போக வர வழி வேணுமில்ல. மத்தது காஞ்சப்புறம் அத அடிச்சுக்கிடலாம்."

"பெறகு அடிச்சா கோடு தெரியுமில்ல?"

"லேசாத் தெரியும்."

"துரை கண்ணுக்குத் தப்புமா? அவுக பலகைத் தரையிலேயே பொறந்து வளந்தவுக. ஒரு பகலு, ஒரு ராத்திரி. அவ என்ன பச்சப்பிள்ளையா?"

பஞ்சம்மாள் இட்லியும் கூஜாவில் வெந்நீரும் உள்ளே வைத்தாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் இறங்க, ஆசாரி அறையின் நிலைப்படியிலிருந்து வார்னிஷ் அடித்துக்கொண்டே மாடிப்படிவரை வந்தார்.

ஐப்பசி. வருசமெல்லாம் போக்குக் காட்டிய மழை அன்றைக்கென்று வந்து கொட்டியது. ஊரே வானத்தைக் கும்பிட்டது. வெள்ளி காலையில் ஆசாரி தரையில் விரல் வைத்துப் பார்த்தார், ஒட்டியது. இன்னும் ஒரு பொழுது ஆகும் என்றார். வெங்கடசாமி மேல்படியில் மோடா போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு படி கீழே பஞ்சம்மாள்.

"அவ்வா." சாத்திய கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் அம்மாவுக்கு அதுதான் பெயர். "காஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல தாயி."

"சரி. நீ மிதிச்சிராத. அப்பா வைவாரு."

இருமல் தொடங்கியது. பஞ்சம்மாள் எழுந்தாள். வெங்கடசாமி கையைக் குறுக்கே நீட்டினார். அடிக்கவில்லை, தள்ளவில்லை, நீட்டியபடி இருந்தார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருசமாக அந்தக் கையைத் தாண்டிப் பழகாதவள் நின்றாள். வெகுநேரம் கழித்து இருமல் அடங்கியது.

"பாத்தியா, நின்னுருச்சு. தூங்கிட்டா" என்றார் வெங்கடசாமி.

பஞ்சம்மாள் அந்தக் கையை விலக்கிவிட்டு நடந்தாள். வார்னிஷ் ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. கதவைத் திறந்தாள்.

சௌடேஸ்வரி கட்டிலில் இல்லை. அம்மாவிடம் வர எழுந்தவள், நிலைப்படிக்கு உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்து வந்த ரத்தம் தரையில் சிந்தாமல் சேலைத் தலைப்பில் ஏந்தியிருந்தாள். கால்விரல்களை நிலைப்படி வார்னிஷில் படாமல் உள்ளே மடக்கி வைத்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை.

பஞ்சம்மாள் அவள் முதுகைத் தடவத் தொடங்கினாள்.

வெங்கடசாமியும் வந்தார். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, மனைவியின் காலடி பதிந்த இடங்களிலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.