நல்ல நேரம் பத்தே முக்கால்

காலை எட்டு மணிக்குக் காற்று கொஞ்சம்கூட இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு எல்லோரும் "காத்தெல்லோ எல்லாத்தையும் கெடுத்துப் போட்டுது" என்றுதான் கதைத்தார்கள். காற்று ஒன்றையும் கெடுக்கவில்லை. பாவம், எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் அது எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு நின்றது.

எங்கள் தோட்டம் குறொய்டனையும் தாண்டி, லண்டன் முடிந்ததா இல்லையா என்று தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர். கோடையில் வெண்டி, பாவல், புடோல், பச்சை மிளகாய் என்று விளைவதை டூட்டிங் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒக்டோபர் வந்தால் அதெல்லாம் முடிந்துவிடும். கொடிகளை இழுத்து எறிந்து, உள்ளிப்பூண்டு நட்டு, தண்ணீர்க் குழாய்களுக்குச் சாக்குச் சுற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய சாடிகளில் நிற்கும் அறுபது கறிவேப்பிலை மரங்களைப் பொலித்தீன் கொட்டிலுக்குள் காப்பாற்றவேண்டும். அந்த அறுபதையும் விதையிலிருந்து முளைக்க வைத்தவள் நான். பதினொரு வருடங்களாக வளர்க்கிறேன். ஓர் இரவு உறைபனி பட்டால் அவ்வளவுதான், கரிந்துபோகும்.

செப்டெம்பரில் அடித்த புயல் கொட்டிலின் பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. இரும்பு வளைவுகள் மட்டும் மொட்டையாக நின்றன. புதுப் பொலித்தீன் வந்தது வெள்ளிக்கிழமை. திங்கள் இரவு உறைபனி, ஞாயிறு பதினொரு மணிக்குப் பிறகு காற்று என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் ஞாயிறு காலையில் போர்த்து முடித்துவிட வேண்டும், இல்லையா? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். என் மனுசனுக்கு விளங்கவில்லை.

"பத்தே முக்காலுக்குத்தான் நல்ல நேரம்" என்றார் பாலேந்திரா, குசினிச் சுவரில் தொங்கிய கலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு.

பாலேந்திரா முந்தி இப்படிப்பட்ட ஆளே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கே பொருத்தம் பார்க்கவேண்டாம் என்று சண்டை பிடித்தவர். போன வருடம் கொட்டிலைத் திருத்த ஏறி, ஏணியிலிருந்து விழுந்து, வலது தோள் உடைந்து, உள்ளே கம்பி வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் இந்தக் கலண்டர் விசர் பிடித்தது. இப்போது உள்ளி நடவும் நேரம் பார்க்கிறார், தலைமயிர் வெட்டவும் நேரம் பார்க்கிறார்.

உதவிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்த பஸ்தியாம்பிள்ளை அண்ணை. மற்றவர் எங்களிடம் காய்கறி வாங்கிப் பழக்கமான வாசுதேவன், தமிழ்நாட்டுப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை. இரண்டு பேரும் கையுறையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் தேத்தண்ணி குடித்தார்கள். பிறகு இன்னொரு தேத்தண்ணி குடித்தார்கள்.

"அண்ணை, நீங்கள் வேதக்காரர். நீங்களாவது இவருக்குச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"எங்களுக்கு ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை, தங்கச்சி. ஆனா வீட்டுக்காரன்ரை மனம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ" என்று அவர் மூன்றாவது வடையை எடுத்தார். அந்த வடையை வேலை முடிந்தபிறகு கொடுக்கத்தான் நான் சுட்டு வைத்திருந்தேன்.

மணி ஒன்பதே முக்கால். வாசுதேவன் தன் போனைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழும்பினார். "அண்ணா, நேத்து ராத்திரிதானே குளிர்காலத்துக்காக இந்த நாட்டு மணியை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சாங்க? நேத்துக் கணக்குல பாத்தா இப்பவே பத்தே முக்கால். ஆரம்பிச்சிடலாமே!"

எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது. "ஓமப்பா, சரியாச் சொன்னீர்! இஞ்சாருங்கோ, எழும்புங்கோ, நேரம் வந்திட்டுது!"

பாலேந்திரா யோசித்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார். "கலண்டர் அடிச்சவனுக்கு இஞ்சை மணி மாத்துறது தெரியாது. கலண்டரிலை பத்தே முக்கால் எண்டால் மணிக்கூட்டிலையும் பத்தே முக்கால் இருக்கவேணும்."

"அவன் அடிச்சது மெட்ராஸிலை! அங்கத்தைப் பத்தே முக்கால் எங்களுக்கு விடியமுன்னமே போட்டுது!"

"நீர் சும்மா இரும், அஜந்தா."

பிறகு மூன்று ஆண்களும் சேர்ந்து, சூரியனுக்கு எது சரியான மணி என்று ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். வெறும் ஆகாயத்தைக் கையால் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். நான் போய் ஒவ்வொரு சாடியாகக் கொட்டிலுக்குள் இழுத்து வைத்தேன். அறுபதும் இழுத்து முடிய என் முதுகு முறிந்துவிட்டது. கூரையில்லாத கொட்டிலுக்குள் அவை வரிசையாக நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

பத்தே முக்காலுக்குத் தேங்காய் உடைத்தார்கள். பொலித்தீனை விரித்தார்கள். பதினொரு மணிக்கு அது பாதி வளைவுகளுக்கு மேலே ஏறியிருந்தபோது காற்று வந்தது. சொன்னபடி, சொன்ன நேரத்துக்கு. அதற்கு ஒரு கலண்டரும் தேவைப்படவில்லை. வாசுதேவனின் கையிலிருந்த கயிறு அறுத்துக்கொண்டு போனது. பஸ்தியாம்பிள்ளை அண்ணை "மாதாவே!" என்று தான் பிடித்த பக்கத்தை விட்டார். பொலித்தீன் வயலுக்கு மேலால் பறந்துபோய், பக்கத்துத் தோட்டக்காரன் எட்வேட்டின் முள்வேலியில் விழுந்தது.

அதை எடுக்கவே இரண்டு மணியாகிவிட்டது. நாலு இடத்தில் கிழிசல். காற்றும் நிற்கவில்லை. உதவிக்கு வந்த இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கு ஷிப்ட் இருந்தது, மற்றவருக்கு மகளின் நடன வகுப்பு இருந்தது. "திங்கக்கிழமை எண்டால் ஏலாது தங்கச்சி" என்று பஸ்தியாம்பிள்ளை அண்ணை சொல்ல, இருவரும் காரில் ஏறினார்கள்.

நான் குசினிக்குப் போய்க் கலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ஆணியும் சேர்ந்து வந்தது. பாலேந்திராவின் காலடியில் எறிந்தேன்.

"இந்தாங்கோ! நாளைக்கு இரவு இதைக் கொண்டுபோய் என்ரை மரங்களுக்குப் போர்த்து விடுங்கோ! படிச்ச மனுசன்தானே நீங்கள்? வெக்கமா இல்லையோ? ஏணி சறுக்கினதுக்கும் ராகுகாலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் குனிந்து, நல்ல கையால் கலண்டரைப் பொறுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப ராகுகாலம் இல்லையெண்டால் நான் ஆரைக் குற்றம் சொல்லுறது, அஜந்தா?" என்றார். கோபமே இல்லை. சாக்கையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு குழாய்களுக்குச் சுற்றப் போய்விட்டார்.

இதுவரை நான் ஒருவருக்கும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அவர் விழுந்த அன்றைக்கும் காற்றுத்தான். "கொஞ்சம் பொறுப்பம்" என்றார் அவர். "ஒரு ஆணி அடிக்கவும் பயந்தால் என்னெண்டு தோட்டம் செய்யிறது, ஏறுங்கோ" என்று கத்தினது நான். ஏணியைப் பிடித்தபடி நின்றதும் நான். போன் அடித்தது. ஒரு கடைக்காரர், கறிவேப்பிலை ஓடர். ஏணியை விட்டுவிட்டு இரண்டடி தள்ளிப் போய்க் கதைத்தேன். ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "நேரம் சரியில்லை." அவருடைய தமக்கைக்கும் அதைத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று, "ஓம், ராகுகாலத்திலை ஏறிப்போட்டார்" என்று தலையாட்டினேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது!

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் காற்று நின்றுவிட்டது. ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். திங்கட்கிழமை ராகுகாலம் எங்கள் ஆட்களில் ஆருக்குத்தான் தெரியாது? எட்வேட் தானாகவே வந்து நின்றான். நேற்றுத் தன் வேலியில் நடந்ததைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கவேண்டும். மத்தியானம் திரும்பவும் காற்று வரும், இப்போதே செய்யலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பாலேந்திரா கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"நான் ஏறுறன்" என்றேன்.

நாங்கள் மூன்று பேரும் கயிறு போட்டு, பொலித்தீனை மெல்ல மெல்ல வளைவுகளுக்கு மேலால் இழுத்தோம். கிழிசல்களுக்கு டேப் ஒட்டினோம். எட்வேட் மற்றப் பக்கத்தில் போய் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி வாசல் சட்டத்தின் உச்சியில் பலகை வைத்து ஆணி அடிக்கவேண்டும். நான் சுத்தியலுடன் ஏணியில் ஏறினேன். ஏழாவது படியில் நின்றேன். கீழே பார்த்தேன். வலது கையை உயர்த்த ஏலாத மனுசன், இடது கையாலும் நெஞ்சாலும் ஏணியை அணைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"அண்டைக்கு நான் ஏணியை விட்டிட்டுப் போனனான்."

இல்லையப்பா, நேரம்தான் சரியில்லை என்று சொல்லுவார் என்று நினைத்தேன். ஒரு வருடமாக அதைத்தானே சொன்னவர்.

"ஓம்" என்றார்.

அவர் அண்ணாந்து என்னை நேராகப் பார்த்தார்.

"ஒரு வருசமா, எப்ப சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எட்வேட் மற்றப் பக்கத்திலிருந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று குரல் கொடுத்தான். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"நான் பிடிச்சிருக்கிறன்" என்றார் பாலேந்திரா. "அடியும்."