பதினான்கு முறை கழுவிய மாவு

அந்தப் பச்சை மாவு மேனகாவின் பேச்சைக் கேட்டது ஒரே ஒரு தடவைதான். நிக்கல் உப்பையும் அலுமினிய உப்பையும் காரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் காகிதக் கட்டு போல அடுக்கடுக்கான படிவு ஒன்று இறங்கும். இரட்டை ஹைட்ராக்சைடு என்பார்கள். அதைக் கழுவி, உலர்த்தி, உலையில் சுட்டு, ஹைட்ரஜன் செலுத்தினால் நுண்ணிய நிக்கல் துகள்கள் கிடைக்கும். கரியமில வாயுவை மீத்தேனாக மாற்றும் வினையூக்கி அது. அவள் செய்த பன்னிரண்டாவது மாவு அந்த வேலையை அருமையாகச் செய்தது. அந்த ஒரு முடிவை நம்பிக் கட்டுரையும் அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு செய்த ஒன்பதும் வீண்.

ஆய்வேட்டைக் கொடுக்க ஆறு வாரமே இருந்தது. மறுபடி செய்துகாட்ட முடியாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று வழிகாட்டி விஜயராகவன் சொல்லிவிட்டார். ஐந்து வருட உழைப்பும் அதோடு போகும்.

சோதித்துப் பார்த்தபோது, வீணான மாவுகள் எல்லாவற்றிலும் வினையைக் கெடுக்கும் சோடியம், காரத்திலிருந்து வந்தது, கழுவியும் மிச்சமிருந்தது. பன்னிரண்டில் மட்டும் இல்லை. குறிப்பேட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்: மூன்று முறை கழுவியது. ஆனால் பன்னிரண்டைக் கழுவியது அவளல்ல. அப்பா மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறார் என்று போன் வந்ததும் மாவை வடிதாளில் விட்டுவிட்டு ஓடிவிட்டாள். கழுவி உலர்த்தி வைத்தது ஆய்வுக்கூட உதவியாளர் வேம்பு.

வேம்பு இப்போது அங்கே வேலையில் இல்லை. அந்த மாதம் மூன்று கேன் டிஸ்டில் வாட்டர் குறைந்தது. பேட்டரிக் கடைக்கு விற்றிருப்பாள் என்று பேச்சு எழுந்தது. விஜயராகவன் விசாரித்தபோது, தன் வேலைக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது என்று மேனகா சொன்னாள். வேம்புவை வேலைக்கு அனுப்பியிருந்த ஒப்பந்தக்காரர் அவளை நிறுத்திவிட்டார்.

வேம்பு இப்போது வேலை செய்யும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேனகா போனபோது மீன் ஏலம் முடிந்திருந்தது. வேம்பு கூடைகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அன்று எத்தனை தடவை கழுவினாள் என்று மேனகா கேட்டாள்.

"பதினாலு தடவ மேடம். கழுவுன தண்ணியில காரம் பாக்குற பேப்பர் நீலமாவே வந்துச்சு. பச்சையா வர்ற வரைக்கும் ஊத்திக்கினே இருந்தேன்."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அழுதுகினே ஓடுனீங்க. இதயாவது கெடாம வெப்போம்னு தோணுச்சு. அப்புறம் உங்கப்பா தவறிட்டாரு. அந்த நேரத்துல போயி மாவப் பத்தி என்னத்த சொல்றது."

மேனகா பதினான்கு முறை கழுவினாள். மீத்தேன் வந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

விஜயராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செய்முறையில் பதினான்கு என்று திருத்தினால் போதும் என்றார். வேம்புவின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றும் சொன்னார். தண்ணீர் செலவானது தன் வேலைக்குத்தான், தான் சொன்னது தவறு என்று மேனகா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். பதில் வரவில்லை.

அவள் மறுபடி துறைமுகத்துக்குப் போனாள். தண்ணீர் பற்றி விஜயராகவன் விசாரித்தபோது தான் சொன்னதை வேம்புவிடம் சொன்னாள். வேம்பு ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மேடம். அப்ப வாசல்லதான் பெருக்கினு இருந்தேன்."

தெரிந்திருந்தும், கேட்டவுடனே உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். நினைவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேனகாவின் ஐந்து வருடமும் போயிருக்கும். கடவுள் சிலரைக் கேட்காமலே நமக்குத் துணையாக அனுப்பிவிடுகிறார். நாம் அவர்களைக் காப்பதில்லை.

வேம்பு காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, உட்காரச் சொன்னாள்.

மேனகா உட்கார்ந்தாள்.